சோழமண்டலம் கண்ட ஓவியர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

நம் கடற்கரைக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று உலகம் அறிந்தது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னர்கள் காலத்தில் பாறையைக் குடைந்தும் செதுக்கியும் எழுப்பிய மாமல்லபுரம் அது. மற்றொன்றை நம்மில் பலர் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்தபடியே கடந்துபோயிருப்போம். மாமல்லபுரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்திருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமமே அது. 1966-ஆம் ஆண்டு அது தோன்றியபோது அந்த ஊர் நம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆகவே அதன் வரலாறு நம் மாவட்டத்தின் வரலாறும் ஆகும்.

அக்கிராமத்தை உருவாக்கியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். கணிதம் படிக்கும் மாணவனுக்கு ஓவியர் ஒருவரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. அவருடைய புகழ்பெற்ற ஓவிய வரிசைக்கு வித்திட்டதே ஒரு கணக்கு நோட்டுதான் என்பது ஒன்று. கலைஞன் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்வது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை, என் போன்ற வீட்டுப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்பது மற்றொன்று.

இளமையும் தந்தி அலுவலகமும்

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. கோவையும் மலபாரும் அக்காலத்தில் ஒரே சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தன. இளமையின் ஒரு பகுதியை அவர் கேரளக் கிராமச் சூழலில் கழித்தார். தென்னை, வாய்க்கால், வயல், வள்ளம் ஆகியவற்றின் வண்ணங்கள் அவர் கண்ணில் பதிந்தன. பன்னிரண்டு வயதில் இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிய அவர், பதினேழு வயதிற்குள் சென்னையில் நடந்த ஆண்டு ஓவியக் கண்காட்சிகளில் தம் படங்களை வைக்கும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார்.

ஆனால் வாழ்க்கை அவரை நேராக ஓவியப் பள்ளிக்கு அனுப்பவில்லை. குடும்பப் பாரம் அவர் தோளில் விழுந்தது. படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளையர் ஆட்சியில் தந்தி இலாகா வேலை என்பது சாதாரணமானதன்று. மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வந்துவிடும்; ஊரில் மரியாதையும் உண்டு. அத்தகைய வேலையைச் சில ஆண்டுகள் பார்த்துவிட்டு உதறினார். 1936-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், சென்னை எழும்பூரில் இருந்த அரசினர் கலைத்தொழிற் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

இந்தப் பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவரால் தொடங்கப்பட்டது. நம் நாட்டின் மிகப் பழைய ஓவியப் பள்ளிகளுள் ஒன்று. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை ஆகிய தொழில்களைக் கற்பிப்பதே அதன் தொடக்க நோக்கம். 1929-இல் வங்கத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் இவரே. இவருடைய காலத்தில்தான் தொழிற் பள்ளி என்ற நிலையிலிருந்து அது கலைப் பள்ளியாக வளர்ந்தது. பணிக்கர் இவரிடம் பயின்றார். படிப்பு முடிந்தபின் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

ஒரே ஆண்டு, இரண்டு நகரங்கள்

பணிக்கர் பள்ளியில் சேர்ந்த அதே 1936-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. கனவையும் அடிமனத்தையும் ஓவியமாக்க முயன்ற சர்ரியலிச இயக்கத்தாரின் பன்னாட்டுக் கண்காட்சி அது. 1924-இல் பாரிசில் கவிஞர் ஆந்திரே பிரெட்டோன் தொடங்கிவைத்த இயக்கம் இங்கிலாந்தில் வேர்கொள்ள இக்கண்காட்சி உதவியது. சல்வடார் டாலி என்ற ஓவியர் ஆழ்கடலில் மூழ்குவோர் அணியும் உடையோடு சொற்பொழிவாற்ற வந்து, மூச்சுத் திணறி, பிறர் ஓடிவந்து தலைக்கவசத்தைக் கழற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று என்பது இதைப் பற்றிப் பேசுவோர் விடாமல் சொல்லும் வேடிக்கை.

அக்கண்காட்சியை நடத்தியவர்களுள் ஒருவர் ரோலண்ட் பென்ரோஸ். அவரும் ஓவியர். 1947-இல் லண்டனில் சமகாலக் கலைக் கழகத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். பிக்காசோவின் நண்பராக இருந்து அவருடைய வரலாற்றையும் எழுதினார். தாம் வரைந்ததைவிடப் பிறர் வரைந்ததை உலகுக்குக் காட்டியதால்தான் அவர் பெரிதும் நினைக்கப்படுகிறார். ஆனால் அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. படங்களை வாங்கவும் ஓவியர்களை ஆதரிக்கவும் அது உதவியது.

சென்னையில் பணிக்கர் எடுத்துக்கொண்டதும் ஏறத்தாழ அதே வேலைதான். ஆனால் அவரிடம் சொத்து இல்லை. அவர் மாணவர்களில் பலருக்கும் இல்லை. படம் வாங்கும் செல்வர்களும் சென்னையில் அரிது. கச்சேரிக்கும் நாட்டியத்திற்கும் சபாக்கள் இருந்த ஊரில் புதிய ஓவியத்திற்கு ஒரு நல்ல காட்சிக்கூடம்கூட இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அவர் செய்ததன் அருமை விளங்கும்.

முற்போக்கு ஓவியர் சங்கம்

1944-இல் பணிக்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினர். தனியாக ஓர் இளம் ஓவியன் கண்காட்சி நடத்த வழியில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் நடத்தலாம் என்பதே அதன் எளிய தத்துவம். சங்கம் பல ஊர்களில் கண்காட்சிகளை நடத்தியது. 1961-இல் ஆர்ட் டிரெண்ட்ஸ் என்ற இதழையும் தொடங்கியது. தென்னாட்டில் நடப்பது வடக்கே தெரியவும், உலகில் நடப்பது இங்கே தெரியவும் அவ்விதழ் பாலமாக இருந்தது.

1954-இல் பணிக்கர் மேனாடு சென்றார். லண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். டாலி உள்ளிட்ட புதுமை ஓவியர்களின் ஆக்கங்களை நேரில் கண்டார். அதுவரை அவருடைய ஓவியங்களில் வான்கோ, கோகன் ஆகியோரின் வண்ணப் போக்கும், அஜந்தாவின் கோடும் கலந்திருந்தன. புத்தர், இயேசு, காந்தியடிகள் ஆகியோரை வைத்தும் படங்கள் வரைந்திருந்தார். அவருடைய லும்பினி என்ற ஓவியம் இக்காலத்ததே.

பயணத்திற்குப் பிறகு ஒரு கேள்வி அவரை விடவில்லை. புதுமை என்றால் பாரிசைப் பார்த்து வரைவதா? இந்தியத் தன்மை என்றால் பழைய கோயிற்சுவரைப் பார்த்து வரைவதா? இரண்டும் பிறரைப் பார்த்து எழுதுவதுதானே? நம் காலத்தவராகவும் நம் மண்ணவராகவும் ஒருசேர இருப்பது எப்படி? இக்கேள்வியையே அவர் தம் மாணவர்கள் முன்னும் வைத்தார்.

முதல்வர் பணிக்கர்

1957-இல் ராய் சௌத்ரிக்குப் பின் பணிக்கர் பள்ளியின் தலைமையை ஏற்றார். 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார். மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் அதே 1957-ஆம் ஆண்டே என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே சிற்ப சாத்திரத்தின் அளவுகளைப் பிறழாமல் காக்கும் பணி நடந்தது. எழும்பூரில் அளவுகளை உடைத்துப் பார்க்கும் பணி நடந்தது. இரண்டுக்கும் ஒரே அரசு சம்பளம் கொடுத்தது. இவற்றுள் ஒன்றுதான் சரி என்று நான் சொல்லத் துணியமாட்டேன். காப்பவர் இல்லாவிட்டால் உடைத்துப் பார்ப்பவருக்கு எதுவும் மிஞ்சியிராது.

பணிக்கரின் பத்தாண்டுகளில் பயின்று வெளிவந்தோரின் பட்டியல் நீளமானது. ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன், எஸ்.ஜி. வாசுதேவ், ஹரிதாசன், சேனாதிபதி, விசுவநாதன் எனச் சொல்லிக்கொண்டே போகலாம். சிற்பி தனபால், ஓவியர்கள் முனுசாமி, சந்தானராஜ் ஆகியோர் ஆசிரியர்களாக இருந்து துணைநின்றனர். இவர்களுள் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவர். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்குப் படம் வரைந்த கை அவருடையது. உழவர் குடும்பத்தில் பிறந்து வந்தவர் அவர். வண்ணத்தைவிடக் கோட்டை நம்பும் இந்தப் போக்கைப் பிற்காலத்தில் சென்னை ஓவிய இயக்கம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் பெயரிட்டு அழைத்தனர்.

கணக்கு நோட்டும் ஓவியமும்

நான் கணித மாணவன் என்ற முறையில் இப்பகுதியைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

1963-ஆம் ஆண்டு வாக்கில் பணிக்கர் ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்க்க நேர்ந்தது என்று கூறுவர். பக்கம் முழுதும் எண்கள், இயற்கணிதக் குறிகள், வடிவ கணிதப் படங்கள். விடை சரியா தவறா என்று நாம் பார்ப்போம். அவர் அதைப் பார்க்கவில்லை. அந்தக் குறிகள் ஒரு பக்கத்தில் நிரம்பி நிற்கும் அழகை மட்டும் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் சொற்களும் குறியீடுகளும் என்ற ஓவிய வரிசை. வாழ்நாளின் இறுதிவரை அவர் அவ்வரிசையில் வரைந்துகொண்டிருந்தார்.

அப்படங்களில் முக்கோணம், வட்டம், கட்டம் இருக்கும். இடையிடையே மீனோ பறவையோ பாம்போ தென்படும். வரிவரியாக எழுத்து இருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் மலையாளம்போல் தோன்றும். அருகில் போய்ப் படிக்க முயன்றால் படிக்க வராது. பொருள் சொல்ல வந்த எழுத்தல்ல, பார்க்க வந்த எழுத்து. நம் வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய ஓலைச் சாதகத்தையோ, மஞ்சள் தடவிய யந்திரத் தகட்டையோ நினைத்துக்கொண்டால் அந்த ஓவியங்கள் ஓரளவு பிடிபடும். படிக்கத் தெரியாவிட்டாலும் அவற்றில் ஏதோ இருக்கிறது என்று நாம் நம்புகிறோம் அல்லவா? அந்த நம்பிக்கையைத்தான் அவர் வண்ணமாக்கினார்.

மேற்சொன்ன கேள்விக்கு அவர் கண்ட விடையும் இதுவே. பாரிசையும் பின்பற்றவில்லை; கோயிற்சுவரையும் படியெடுக்கவில்லை. வகுப்பறை நோட்டையும் சாதக ஓலையையும் ஒரே திரையில் வைத்தார். புதிய கலை என்பது எங்கோ கடல் கடந்து இருப்பதன்று என்பதை இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது.

மணலில் எழுந்த கிராமம்

ஆண்டுதோறும் திறமையான மாணவர்கள் பட்டயம் பெற்று வெளியே வந்தனர். பிறகு? சிலர் ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போனார்கள். சிலர் துணி ஆலைகளிலும் விளம்பர நிறுவனங்களிலும் சேர்ந்தார்கள். காலையில் போய் இரவில் திரும்பியபின் தூரிகையைத் தொட அவர்களுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. பத்தாண்டு உழைப்பு இப்படிக் கரைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்த முதல்வரால் முடியவில்லை. சம்பளமும் ஓவியமும் ஒருவர் வாழ்வில் எப்படி மோதும் என்பதைத் தந்தி அலுவலகத்தில் இருந்து பார்த்தவர் அல்லவா அவர்!

இதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. ஓவியம் விற்காது, ஆனால் கைத்தொழிற் பொருள் விற்கும். மெழுகு தடவிச் சாயம் தோய்த்து எடுக்கும் பாத்திக் துணிகளுக்கு அப்போது நல்ல விற்பனை இருந்தது. ஓவியர் கைத்தொழிற் சங்கம் என்று ஒன்றை அமைத்து, ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக், தோல், உலோகம், மண் ஆகியவற்றில் பொருள்கள் செய்து விற்றனர். வந்த பணத்தில் ஒரு பகுதி அவர்கள் வயிற்றுக்கு, ஒரு பகுதி பொதுவுக்கு. அந்தப் பொதுப் பணத்தைக்கொண்டுதான் ஈஞ்சம்பாக்கத்தில் பத்து ஏக்கருக்குள் அடங்கும் கடலோர நிலத்தை 1966-இல் வாங்கினர். அன்று அது வெறும் மணல்மேடு. சுற்றிலும் சவுக்குத் தோப்பு. கொட்டகை போட்டுத் தொடங்கினர். பிறகு ஒவ்வொருவராகத் தம் கையாலும் காசாலும் வீடு கட்டிக்கொண்டனர். ஏறத்தாழ முப்பது கலைஞர்கள் தொடக்கத்தில் இதில் பங்குகொண்டனர். அர்னவாஸ், அனிலா ஜேக்கப் ஆகிய பெண் கலைஞர்களும் அவர்களுள் இருந்தனர். சோழ மண்டலம் என்ற பழம்பெயரே வெள்ளையர் வாயில் கோரமண்டல் ஆயிற்று. அக்கடற்கரையில் அமைந்த கிராமத்திற்கு அந்தப் பழம்பெயரையே சூட்டினர்.

பகலின் ஒரு பகுதி கைத்தொழில், மீதி நேரம் கலை என்பது அங்கே நடைமுறை. இதில் நான் வியப்பது ஒன்று. கைத்தொழில் தாழ்ந்தது, கலை உயர்ந்தது என்று அவர்கள் கருதவில்லை. ஒன்று மற்றொன்றுக்குச் சோறு போட்டது. உலோகத்தில் பொருள் செய்து பழகிய கைகள் தகட்டைத் தட்டியும் ஒட்டியும் புதுவகைச் சிற்பங்களைச் செய்தன. ஜானகிராம், பணிக்கரின் மகன் நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்களைப் பார்ப்போர் இதனை உணர்வர்.

இங்கே என் வீட்டைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டியிருக்கிறது. என் தந்தையார் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் நாட்கூலிக்குக் கல் செதுக்குபவர். முப்பது ஆண்டுகளில் எத்தனை பிள்ளையார் அவர் உளியில் பிறந்தனரோ, அவருக்கே கணக்குத் தெரியாது. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உளி உன்னோடு வரக்கூடாது, தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போ என்பது அவருடைய ஒரே கட்டளை. கல்தூசி நெஞ்சில் இறங்கி இரவெல்லாம் இருமுகிறவர் அப்படிச் சொன்னால் அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் என் நோட்டின் பின்பக்கங்களில் நான் வரைவதை நிறுத்தவும் முடியவில்லை.

பணிக்கரின் வரலாற்றைப் படிக்கும்போது, வேலையை விட்டுவிட்டுக் கலைக்குப் போ என்று அது சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தாம் வேலையை உதறியவர், தம் மாணவர்களுக்குப் பட்டினியைப் பரிந்துரைக்கவில்லை. முதலில் சோற்றுக்கு வழி செய்தார். அதையும் அவர்கள் கையிலிருந்தே செய்தார். அரசையோ செல்வரையோ நம்பி அதைக் கட்டவில்லை. என் தந்தையாரும் இதில் குறைசொல்ல ஏதும் இராது.

ராமானுஜம்

சோழமண்டலத்தின் கதையில் துயரமான பக்கமும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதுவது முறையாகாது.

கே. ராமானுஜம் சென்னையைச் சேர்ந்த இளைஞர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஏறவில்லை. பேச்சும் எளிதில் வராது. மனநோயும் அவரை வாட்டியது. அப்படிப்பட்ட ஒருவரின் திறமையைப் பணிக்கர் இனங்கண்டு தம் பள்ளியில் இடம் கொடுத்தார். பின்னர் சோழமண்டலத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் மையால் வரைந்த படங்களில் கனவு மாளிகைகள், நாகங்கள், பறக்கும் உருவங்கள், அவற்றின் நடுவே தொப்பி அணிந்த ஒரு சிறு மனிதன் ஆகியவற்றைக் காணலாம். அந்தத் தொப்பிக்காரர் ராமானுஜமே. சர்ரியலிச ஓவியர்கள் கொள்கை வகுத்துக்கொண்டு தேடிப்போன கனவுலகம், கொள்கை எதுவும் இன்றியே அவருக்கு வாய்த்திருந்தது. சென்னைக் கன்னிமாரா ஓட்டலின் சுவரில் வரையும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

1973-இல், இளம் வயதிலேயே, அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். இடமும் உணவும் வேலையும் கொடுத்த கிராமத்தாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பணிக்கர் அவரை உள்ளே அழைத்திராவிட்டால் ராமானுஜம் என்றொரு ஓவியர் இருந்தார் என்பதே நமக்குத் தெரிந்திராது. மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாதவர்களும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஒரு கண் எல்லாப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் தேவை.

இறுதியும் எஞ்சியதும்

1967-இல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பணிக்கர் சோழமண்டலத்தின் வளர்ச்சியில் முழுமையாக ஈடுபட்டார். 1976-இல் மத்திய லலித்கலா அகாதெமி அவருக்குச் சிறப்பு உறுப்பினர் தகுதியை அளித்தது. 1977-ஆம் ஆண்டு சனவரியில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் ஓர் ஓவியக்கூடம் அமைந்துள்ளது.

நிறுவியவர் மறைந்ததும் கலைந்துபோன அமைப்புகள் பல. சோழமண்டலம் கலையவில்லை. 2009-இல் அங்கே சமகாலக் கலை மையம் என்ற பெயரில் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. நந்தகோபால் 2017-இல் மறையும்வரை அக்கிராமத்தின் பொறுப்பைத் தாங்கினார். பாத்திக் துணிக்கு இருந்த மவுசு குறைந்தது; கடற்கரை நிலத்தின் விலையோ வானத்தைத் தொட்டது. மணல்மேட்டைச் சுற்றி மாளிகைகள் எழுந்தன. ஆயினும் அந்த வேலிக்குள் மரங்களும் சிற்பங்களும் ஓவியர் வீடுகளும் நிற்கின்றன.

நண்பர்களே, ஆண்டுதோறும் நம் துறைகளின் சுற்றுலா மாமல்லபுரத்திற்குப் போகிறது. அர்ச்சுனன் தபசின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த முறை கடற்கரைச் சாலையில் இன்னும் ஒரு மணி நேரம் வடக்கே போய் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்குவோம். சொற்களும் குறியீடுகளும் வரிசையைக் கணிதத் துறை மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. நம் கல்லூரி ஆண்டு விழாவில் பாட்டுக்கும் பேச்சுக்கும் நாடகத்திற்கும் மேடை இருக்கிறது. மாணவர் வரைந்த படங்களை மாட்ட ஒரு சுவரும் வேண்டும். நூலகத்திற்குப் போகும் நடைவழிச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. ஆணிகளும் நூலும் நாங்களே கொண்டுவருகிறோம். ஆசிரியப் பெருமக்கள் அனுமதி மட்டும் தந்தால் போதும். வரும் விழாவுக்கு என் தந்தையாரை அழைத்து வந்து, அந்தச் சுவரின் முன் நிறுத்த ஆசைப்படுகிறேன்.